ஆறிலிருந்து இருபத்துநான்கு வரை

கோபார் ஊரில் ஒரே துப்பாக்கிக் கடை.
தூண்டிலும் கூடாரமும் தாண்டிப் பின்மூலையில்
காலின் மெக்கே கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.
எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்?
நூறு மீட்டர். மிஞ்சினால் நூற்றைம்பது.
அப்படியானால் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு. தாராளம்.

தாராளம் என்ற சொல்
எனக்குச் சின்னதாகக் கேட்டது.
பக்கத்தில் இன்னொன்று படுத்திருந்தது,
புல்லாங்குழல் நீளத்தில், கறுப்பாக,
ஆறிலிருந்து இருபத்துநான்கு.
மூன்று வாரத்தில் பதினோரு ஆட்டுக்குட்டி எனக்குப் போயிருந்தது.
நரி முதலில் நாக்கைத்தான் தின்னும்,
இன்னும் கத்தக்கூடப் பழகாத நாக்கை.
அப்படிப்பட்ட நரியை
ஒருமுறை மிகப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டேன்.

மருதப்பனிடம் விலையைச் சொல்லவில்லை.
காசுக்கேற்ற பணியாரம் என்றேன்.
செம்புச் சுரங்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்தவன்
பணியாரம் எங்கே என்று கேட்டான்.

வாரத்தில் இரண்டு நாள்
மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை.
முகவாயைத் தாங்கியில் வைத்தவர்களிடம்
இது தெளிவா, முன்னது தெளிவா என்று
நாளெல்லாம் கேட்கிறவள்.
பெரிதாகத் தெரிவது வேறு, தெளிவாகத் தெரிவது வேறு என்று
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்களுக்கு விளக்குகிறவள்.
அதே நான்தான்.

இரவு. வண்டியின் முகப்பில் மணல்மூட்டை,
அதன்மேல் துப்பாக்கி.
மருதப்பன் விளக்கைச் சுழற்றினான்.
தூரத்தில் இரண்டு பச்சைப் புள்ளி.
வளையத்தைத் திருகினேன்,
அது நிற்கும்வரை.

முதலில் இருட்டுதான் பெரிதானது.
பிறகு புல். ஒவ்வொன்றும் ஒரு பனைமட்டை.
பகலின் சூட்டைத் தரை இன்னும் கக்க,
நுரைகட்டும் ரசம்போல் காட்சி முழுதும் நெளிந்தது.
என் நாடி துடிக்கும்போதெல்லாம்
குறுக்குக்கோடு ஒரு முழம் குதித்தது.
நரியைக் காணோம். இடப்பக்கம் போனேன், வேலி.
வலப்பக்கம் வந்தேன், வேறொரு வேலி,
அல்லது அதே வேலி.
"எவ்வளவு அழகா நிக்குது பாரு" என்றான்
வெறுங்கண்ணோடு நின்றவன்.

ஒரு காது வந்தது.
செம்மண் நிறம், உள்ளே நரம்போடும் அளவுக்கு
அவ்வளவு பக்கத்தில், ஒரே ஒரு காது.
அதற்குக் கீழே எங்கோ
நெஞ்சு இருக்கும் என்ற நம்பிக்கையில்

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது.

ஸ்கோப் புருவத்தைக் கடித்தது.
அங்கே டொம் என்று ஒரு சத்தம்,
பிறகு மெலிதாக, விடாமல்,
யாரோ நின்றபடி சிறுநீர் கழிப்பதுபோல.

தண்ணீர்த் தொட்டி.
போன தைக்குப் பிறகு மழையில்லை.
மூன்றில் ஒரு பங்குதான் மீதமிருந்தது;
ஓட்டை அந்த மீதத்துக்கும் கீழே.
நரிக்குப் பின்னால் வீட்டளவு பச்சையாய் நின்ற தொட்டியை
மூன்று மடங்கில் குழந்தைகூடக் கண்டிருக்கும்.

மருதப்பன் ஓடிப்போய்க் கட்டைவிரலை உள்ளே விட்டான்.
பழைய ரப்பர் செருப்பைச் சீவி நான் ஆப்பு செய்யும்வரை
தொட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அது எனக்குத் திட்டைவிடக் கனமாக இருந்தது.

விடிந்தபோது சேற்றில் கால்தடங்கள்.
கங்காரு, கிளிகள், என் ஆடுகள்.
ஓரமாக, நான்கு விரல், அளவெடுத்து வைத்ததுபோல்,
அது.
திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

காலின் கால்வாசி விலையைக் கழித்துக்கொண்டு
ஸ்கோப்பைத் திரும்ப வாங்கினார்.
என் புருவத்தின் பிறைத் தழும்பைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதிருப்பது மூன்றிலிருந்து ஒன்பது.
மூன்றில் நிறுத்தி, வளையத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.
வேலி தெரிகிறது, தொட்டி தெரிகிறது, செருப்பு ஆப்பு தெரிகிறது,
மருதப்பனின் தொப்பி தெரிகிறது,
சுடக்கூடாத அத்தனையும்.
நடுவில் எங்கோ, தீப்பெட்டி அளவில்,
முழு நரி.